பதினொன்று இருபதுக்கு விழுந்தவர்கள்

பேய் பார்த்தேன் என்று யாராவது வந்து சொன்னால், "காலையில என்ன சாப்ட்டே?" என்று முதலில் கேட்கிறவள் காந்தா. அப்படிப்பட்டவளுக்கு நடந்தது இது. காற்றுவாக்கில் காதில் விழுந்த கதை இல்லை. அவளுடைய நோட்டை என் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பழுப்பு அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. தேதி, விழுந்த நேரம், எழுந்த நேரம், காரணம் என்று கோடு கிழித்து நான்கு பத்திகள். முதல் மூன்று பத்திகளில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. நான்காவதில்தான் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அதையும் அடித்து வைத்திருக்கிறாள்.

1959, ஜூலை மாதம். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைச் சந்து முடிகிற இடத்தில் மிலிட்டரிக்குக் காக்கிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. இப்போது இல்லை. பேர் சொல்லி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. நீளமான ஒரே ஹால். காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷின்கள் நாற்பது, நாற்பது பெண்கள். ஹாலின் கடைசியில் தடுப்பு வைத்து மறைத்த இடத்தில், கரி போட்ட இஸ்திரிப் பெட்டிகள் நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும்.

வேலை செய்கிற இடத்தில் ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று மிலிட்டரிக்காரர்கள் சொன்னதால் காந்தாவை வைத்திருந்தார்கள். வயது இருபத்தாறு. ஜோகுபாளையத்துப் பெண். வாசல் பக்கம் ஒரு மேசை, அதன்மேல் பஞ்சு, டிங்சர், நவச்சாரப் புட்டி. மார்பில் குத்திய கடிகாரம். விரலில் ஊசி ஏறினால் கட்டுப் போடுவாள். யாராவது மயங்கி விழுந்தால் ஓடுவாள்.

மயக்கம் அங்கே அதிசயம் இல்லை. பாதிப் பேர் வெறும் டீயைக் குடித்துவிட்டு வருகிறவர்கள். உட்கார்ந்தே இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ரத்தம் குறைந்தவள் விழுவாள். ரத்தத்தைப் பார்த்தே விழுகிறவளும் உண்டு. எல்லாவற்றுக்கும் காந்தாவிடம் ஒரே வைத்தியம்தான். படுக்க வை, காலைத் தூக்கி வை, இறுக்கத்தைத் தளர்த்து, கூட்டத்தை விலக்கு. அரை நிமிடத்தில் கண் திறந்துவிடுவார்கள்.

ஜூலை ஏழு, செவ்வாய். வெளியே விடாத தூறல். துணி நனையும் என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். காலை பதினொன்று இருபதுக்கு முத்தம்மா விழுந்தாள்.

நாற்பத்தைந்து வயதுக்காரி. வாய் ஓயாமல் பேசுகிறவள். பேச்சு நடுவில் நின்றது, அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். காந்தா ஓடிப்போய்க் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக ஒரு நிமிடம். முத்தம்மா கண் திறந்தாள்.

"சாப்ட்டியா நீ?"

"இல்ல."

காந்தா நோட்டில் 'பட்டினி' என்று எழுதினாள்.

முத்தம்மா எழுந்து உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். "அந்த ரூம்பு எங்க நர்ஸம்மா?"

"எந்த ரூம்பு?"

"பச்சை சுவரு. நீட்டுக்கு ஒரு பெஞ்சு. பொம்பளைங்க உக்காந்துகினு இருந்தாங்க. உள்ளேர்ந்து யாரோ ஒரு பேரைக் கூப்ட்டாங்க. ஒருத்தி எழுந்து உள்ள போனா. மத்தவங்க நகுந்து எனக்கு இடம் விட்டாங்க."

காந்தா சிரித்தாள். தர்ம ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கிறதைத்தான் கனவு கண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். கம்பெனிக்கு வெளியே வண்டிக்காரனிடம் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தாள். விஷயம் அதோடு முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

ஜூலை பத்து, வெள்ளி. பதினொன்று இருபது. இந்தத் தடவை விழுந்தவள் ஹாலின் மறுகோடியில் இருந்த பெட்டி என்கிற கிறிஸ்தவப் பெண். முப்பது வயது, நல்ல திடமான உடம்பு. காலையில் மூன்று ஆப்பம் சாப்பிட்டுவிட்டு வந்தவள்.

காந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நிமிடம். ஒன்று. ஒன்றரை. நவச்சாரத்தை மூக்கருகே காட்டியும் முகம் சுளிக்கவில்லை. நாடி ஒழுங்காக அடித்தது. சரியாக இரண்டு நிமிடத்தில் கண் திறந்தாள்.

"பச்சை சுவர்," என்றாள் பெட்டி.

காந்தாவின் கை புட்டியோடு அப்படியே நின்றது. முத்தம்மா சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முத்தம்மாவும் இவளும் பேசிக்கொள்வதும் கிடையாது. தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டு ஒரு வருஷம் ஆகிறது.

"பெஞ்சில யாரு இருந்தா?" என்று காந்தா கேட்டாள். ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எவளெவளோ... கடைசியில முத்தம்மா. என்னைப் பார்க்கல. உள்ளேர்ந்து 'முத்தம்மா'ன்னு கூப்ட்டாங்க. எழுந்து உள்ள போயிட்டா."

காந்தா திரும்பிப் பார்த்தாள். முத்தம்மா அவளுடைய மெஷினில்தான் இருந்தாள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்தம்மா ஒருத்தி மட்டும் குனிந்த தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருந்தாள். கடகட... கடகட...

காந்தா கிட்டே போனாள்.

ஊசியில் நூல் இல்லை. சட்டையின் கை முழுக்க வெறும் ஓட்டைகள், வரிசை வரிசையாக. எவ்வளவு நேரமாக இப்படித் தைக்கிறாளோ.

"முத்தம்மா!"

அவள் நிமிர்ந்தாள். "இன்னா நர்ஸம்மா?" என்றாள் சாதாரணமாக. ஊசியைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டு வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த முத்தம்மாவின் தலை முறத்தின்மேல் சாய்ந்தது. பிறகு நிமிரவில்லை.

திங்கட்கிழமை முழுக்கக் கம்பெனியில் அழுகைதான். சின்ன வயதில் அவளுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து இருதயம் பழுதாகியிருந்ததாம், வீட்டில் சொன்னார்கள். காந்தா அதைக் கேட்டதும் கொஞ்சம் நிம்மதியானாள். ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நோட்டில் 'பட்டினி'யை அடித்து 'இருதயம்' என்று எழுதினாள்.

ஜூலை பதினான்கு, செவ்வாய். பதினொன்று இருபது.

பாஞ்சாலி.

இவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜோகுபாளையத்தில் காந்தாவின் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தாள். இருபது வயது. அவள் வயிற்றில் ஐந்து மாதம். கம்பெனியில் காந்தாவைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். புருஷன் செங்கல் சூளையில் கையை நசுக்கிக்கொண்டு வீட்டில் கிடந்தான். அவளுடைய கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

அவள் விழுந்தபோது காந்தா தன் உடம்பால் அவள் வயிற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒரு நிமிடம்.

இரண்டு.

மூன்று. பாஞ்சாலியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. "பாஞ்சாலி... ஏ பாஞ்சாலி..."

நான்கு நிமிடம். கண் திறந்தாள். திறந்ததும் காந்தாவின் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"பெட்டியக்காவைக் கூப்ட்டாங்க," என்று கிசுகிசுத்தாள். "எழுந்து உள்ள போயிட்டாங்க. கதவுக்கு அந்தாண்ட ஒண்ணும் தெரியலக்கா. ஒரே இருட்டு."

காந்தா பெட்டியின் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டி தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தைத்த சட்டைகள் அடுக்கியிருந்தன. காந்தா மேலே இருந்ததை எடுத்து உதறினாள். இரண்டு கையும் மணிக்கட்டுப் பக்கம் மூடித் தைத்திருந்தது. அதற்குக் கீழே இருந்ததும் அப்படியே. அதற்கும் கீழே...

ஏழு சட்டைகள். கையை விட்டால் வெளியே வர வழி இல்லை.

அன்றைக்கு நோட்டில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் காந்தா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கர்ப்பம் என்று எழுத முடியாது. கடைசியில் 'பட்டினி' என்று எழுதினாள்.

புதன்கிழமை டாக்டர் சுந்தரராமன் வருகிற நாள். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போவார். காந்தா பெட்டியை அவர் முன்னால் உட்கார வைத்து, நன்றாகப் பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்று நச்சரித்தாள். அவர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார். இமையை இறக்கிப் பார்த்தார். "இவளுக்கு ஒண்ணுமில்லை சிஸ்டர். கொஞ்சம் ரத்தம் கம்மி. டானிக் எழுதித் தர்றேன்."

அப்புறம் ஹாலுக்குள் நடந்து போனவர், தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டார்.

"எட்டு கரிப்பெட்டி. எல்லா ஜன்னலும் மூடியிருக்கு. விழாம என்ன செய்வா? கரிப்புகைக்கு வாசனை கிடையாது சிஸ்டர். மெதுவா ஆளை அசத்தும். தலை வலிக்கும், மயக்கம் வரும், இல்லாததெல்லாம் தெரியும். அதிகமானா உயிரே போயிடும். முதல்ல ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கோ."

காந்தாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. இல்லாததெல்லாம் தெரியும். அவ்வளவுதான். புகைதான். நோட்டில் மூன்று பேருக்கும் நேராகக் 'கரிப்புகை' என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் பெட்டி மாதா கோயிலுக்குப் போனாள். ஜெபம் முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். பெட்டி மட்டும் முழங்காலில் இருந்தாள், முன்பெஞ்சில் நெற்றியைச் சாய்த்தபடி. ரொம்ப பக்தி என்று நினைத்து யாரும் தொடவில்லை. விளக்கை அணைக்க வந்தவர்தான் தோளைத் தொட்டார்.

வியாழக்கிழமை காலை. செய்தி வந்த பத்தாவது நிமிடம் பாஞ்சாலி காந்தாவின் மேசைக்கு வந்தாள். அழவில்லை. அதுதான் காந்தாவுக்குப் பயமாக இருந்தது.

"அடுத்து யாரு விழுந்தாலும், அவ காதுல விழப்போறது என் பேருதான்க்கா."

"பேத்தாதே. நீ லீவு போட்டு வீட்ல இரு."

"முத்தம்மாக்கா வீட்லதானே செத்தாங்க."

காந்தா நோட்டை மூடி வைத்தாள்.

"நான் விழறதைப் பத்தி இல்லக்கா. இனிமே வேற ஒருத்தியும் விழக்கூடாது. விழாம பாத்துக்க முடியுமா உன்னால?"

முடியுமா என்று காந்தா யோசித்தாள். பேயை ஓட்ட அவளுக்குத் தெரியாது. மந்திரம் தெரியாது, தாயத்துக் கட்டத் தெரியாது. ஆனால் மயக்கம் எதனால் வரும் என்று தெரியும். ஒவ்வொரு காரணமாக அடைத்துவிட்டால்? பசி இருக்கக்கூடாது. புகை இருக்கக்கூடாது. புழுக்கம், இறுக்கம், நெடுநேரம் அசையாமல் உட்காருவது... எதுவும் இருக்கக்கூடாது. காரணமே இல்லாமல் எப்படி விழுவார்கள்?

நேரே சூப்பர்வைசர் சில்வெஸ்டரிடம் போனாள். நாற்பத்தெட்டு வயது. கட்டை குட்டையான மனுஷன். தொண்டை மட்டும் பெரிசு. மூன்று பெண் குழந்தைகளுக்குத் தகப்பன்.

"ஜன்னலைத் தொறக்கறதா? துணி நனைஞ்சா கறை புடிக்கும் நர்ஸம்மா. மிலிட்டரி ஆர்டர். மேனேஜர் மெட்ராஸ்லேர்ந்து வந்தாருன்னா என் தோலை உரிப்பாரு."

"ரெண்டு பேரு செத்துட்டாங்க சார்."

"கம்பெனியிலயா செத்தாங்க?"

"மூணாவது ஆளு இங்கயே செத்தா தோலை உரிக்க மாட்டாரா?"

சில்வெஸ்டர் அவளை உற்றுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு எழுந்து போய், தன் கையாலேயே பதினான்கு ஜன்னல்களையும் திறந்தார். கரிப்பெட்டிகளை வெளியே கொட்டகைக்கு மாற்றச் சொன்னார். "இன்னும் இன்னா வேணும்?"

"நாளைக்குப் பத்தரைக்கு எல்லாருக்கும் கால் மணி நேரம் ரெஸ்ட் வேணும். கஞ்சி நான் கொண்டாறேன்."

"பேஜாரு புடிச்ச பொம்பளைம்மா நீ," என்றார். ஆனால் தலையை ஆட்டினார்.

வியாழன் பதினொன்று இருபது ஒன்றுமில்லாமல் போனது. யாரும் மூச்சு விடவில்லை. செவ்வாய், வெள்ளி, செவ்வாய்... நாளைக்கு வெள்ளி.

ஜூலை பதினேழு, வெள்ளி. காந்தா விடிகாலை நாலு மணிக்கே எழுந்து பெரிய அண்டா நிறையக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினாள். ஜட்காவில் ஏற்றிக் கம்பெனிக்குக் கொண்டுவந்தாள். பத்தரைக்கு ஆளுக்கொரு டம்ளர். வேண்டாம் என்றவளையும் விடவில்லை, பக்கத்தில் நின்று குடிக்க வைத்தாள். இரண்டு மெஷின் காலியாக இருந்தது. முப்பத்தெட்டு பேர். முப்பத்தெட்டு டம்ளர்.

பதினொன்று. எல்லாரையும் எழுப்பி ஹாலைச் சுற்றி நடக்க வைத்தாள். பெண்கள் சிரித்தார்கள். "மிலிட்டரி சட்டை தைச்சு தைச்சு நம்மளையே மிலிட்டரி ஆக்கிட்டாங்கடி."

பதினொன்று பத்து. உட்காரச் சொன்னாள். இடுப்பு முடிச்சைத் தளர்த்தச் சொன்னாள். ஜன்னல் வழியே ஈரக் காற்று சிலுசிலுவென்று வந்தது. புகை இல்லை. புழுக்கம் இல்லை.

பதினொன்று பதினைந்து. வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யார் வெளுத்திருக்கிறாள்? யாருக்கு வேர்க்கிறது? யார் கொட்டாவி விடுகிறாள்? ஒருவருமில்லை.

பதினொன்று பதினெட்டு. பாஞ்சாலியின் பக்கத்தில் வந்து நின்றாள். பாஞ்சாலி நிமிர்ந்து பார்த்தாள். சில்வெஸ்டரும் வந்து நின்றுகொண்டார், எதற்கென்று தெரியாமலே.

பதினொன்று பத்தொன்பது.

நாற்பது மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

முப்பத்தெட்டுதானே ஓட வேண்டும்?

காந்தா திரும்பினாள். முத்தம்மாவின் மெஷின்... சக்கரம் சுற்றவில்லை. பெட்டியின் மெஷின்... அதுவும் நின்றுதான் இருந்தது. அப்படியானால் இந்தச் சத்தம்?

சத்தம் வெளியே இல்லை. அவள் காதுக்குள் இருந்தது.

கடகட... கடகட...

உள்ளங்கை வேர்த்தது. சில்லென்ற வேர்வை. பார்வையின் ஓரம் கறுத்தது. இந்த அடையாளங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும். அப்போதுதான் அது உறைத்தது...

முப்பத்தெட்டு டம்ளர் ஊற்றினாள். தனக்கென்று ஒன்று ஊற்றவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. சரியாகத் தூங்கவுமில்லை.

உட்கார். தலையைக் குனி. முழங்காலுக்கு நடுவே வை. உட்கார்...

பதினொன்று இருபது.

பச்சைச் சுவர்.

பூசிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல. ஈரச் சுண்ணாம்பு வாசனை. நீளமான பெஞ்சு. அதில் பெண்கள். எல்லாரும் மடியைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான்.

பெஞ்சின் நுனியில் பாஞ்சாலி. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

எதிரே கதவு. பாதி திறந்திருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. பயங்கரமான குரல் இல்லை. சாதாரணப் பெண்குரல். வேலை செய்து அலுத்துப்போன குரல்.

"பாஞ்சாலி."

பாஞ்சாலி எழுந்தாள்.

காந்தா பாய்ந்து அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். ஈரத்துணியைப் பிடித்த மாதிரி இருந்தது. "உக்காரு. உக்காருடி!"

"பாஞ்சாலி."

"அவ வர மாட்டா!" என்று காந்தா கதவைப் பார்த்துக் கத்தினாள்.



பெஞ்சில் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன.

"அப்ப யாரு?" என்றது குரல்.

காந்தா வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப யாரு?"

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

காந்தா உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். ஒரு எழுத்துக்கூட வெளியே வரக்கூடாது...

"அப்ப யாரு?"

இந்தத் தடவை காதுக்குப் பக்கத்தில்.

...

மழைச்சாரல் முகத்தில் பட்டது. காந்தா கண் திறந்தாள். சில்வெஸ்டர் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் பாஞ்சாலி. ஹாலில் வேறு யாரும் இல்லை.

"காத்து வரணும்னு எல்லாரையும் வெளிய தொரத்திட்டேன். நீ சொல்லிக்குடுத்ததுதானே?" என்றார் சில்வெஸ்டர். "பயமுறுத்திட்டியேம்மா. ஊருக்கெல்லாம் கஞ்சி ஊத்திட்டு நீ பட்டினியா?"

காந்தா கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பதினொன்று இருபத்தெட்டு. எட்டு நிமிடம்.

பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் விடலடி. ஒரு வார்த்தை பேசல. வாயே தெறக்கல."

பாஞ்சாலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று காந்தா நினைத்தாள்.

சனிக்கிழமை போனது. ஞாயிறு, பாஞ்சாலி நன்றாக இருந்தாள். திங்கள், செவ்வாய்... பதினொன்று இருபது வந்தது, போனது. யாரும் விழவில்லை. அதற்குப் பிறகு அந்த ஹாலில் அந்த நேரத்துக்கு ஒருத்திகூட விழவில்லை. நவம்பரில் பாஞ்சாலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம்.

நடுவில் ஒரு துக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஜூலை பத்தொன்பது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சில்வெஸ்டர் அப்படியே போய்விட்டார். மாரடைப்பு. கல்பள்ளிக் கல்லறையில் காந்தா அந்த மூன்று பெண் குழந்தைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள். ரத்தக்கொதிப்பு இருந்தது, நான்தான் எச்சரித்தேனே என்றார் டாக்டர். சில்வெஸ்டர் ஒருநாளும் மயங்கி விழுந்தவர் இல்லை. அந்தப் பெஞ்சில் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் காந்தா இரண்டையும் சேர்த்து நினைக்கவே இல்லை.

ஆறு வருஷம் நினைக்கவில்லை.

1965-இல் காந்தா கல்யாணமாகி மல்லேஸ்வரம் பக்கம் போய்விட்டாள். ஜூன் மாதம் ஒருநாள் ஜோகுபாளையத்துக்கு வந்தவள் பாஞ்சாலி வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மாலை நாலு மணி. பாஞ்சாலியின் மகள் வாசலில் மற்ற பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. பழைய கதையெல்லாம் பேச்சில் வந்தது. முத்தம்மா, பெட்டி. சில்வெஸ்டர் பேரும் வந்தது.

"பாவம், நல்ல மனுஷன்," என்றாள் காந்தா.

பாஞ்சாலி டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நீ பேசினேக்கா."

"என்னிக்கு?"

"நீ விழுந்த அன்னிக்கு. மயக்கத்துல."

"நான் வாயே தெறக்கலையே."

"தெறந்தே." பாஞ்சாலியின் குரல் இறங்கியது. "கண்ணு மூடி இருந்துச்சு. வாய் மட்டும் தெறந்துது. 'சில்வெஸ்டர்'னு சொன்னே. ஒரே தடவை, தெளிவா. உன் குரலே இல்ல அது. அவரு நீ கூப்பிடறேன்னு நெனச்சிகினாரு. குனிஞ்சி, 'இதோ இருக்கேம்மா'ன்னாரு."

காந்தாவின் டம்ளர் சாய்ந்தது. டீ புடவையில் கொட்டியது. அவளுக்குத் தெரியவில்லை.

"ஏன்டி... ஆறு வருஷமா ஏன்டி சொல்லல?"

பாஞ்சாலி வாசலைப் பார்த்தாள். அவள் மகள் ஒற்றைக் காலில் கட்டத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"எப்படிக்கா சொல்லுவேன்? செவ்வாக்கெழமை நான் விழுந்தேன் பாரு... அப்போலேர்ந்து மூணு நாளா வயித்துல புள்ள அசையவே இல்ல. உன்கிட்டகூட நான் சொல்லல. அவரு 'இருக்கேன்'னு சொன்னாரே... சொல்லி வாய் மூடல. அப்பதான்க்கா இவ ஒதைச்சா."